மூன்று விரல் நிச்சயம்

தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோய் நாலு வருசம் முடிந்திருந்தது. நிலாவில் மனுசன் இறங்கிவிட்டான் என்று டீக்கடை ரேடியோவைச் சுற்றி ஊரே நின்றதே, அந்த நாள் இன்னும் வரவில்லை. ரெண்டுக்கும் நடுவில் வந்த ஒரு மாசி மாதம். சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலுக்குப் போனவர்கள் எல்லாம் திரும்பி வந்து ஏழு நாள் ஆகியிருந்தது. தேதி கேட்டால் எனக்குத் தெரியாது. நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. நான் சொல்லச் சொல்ல அடுத்த வீட்டு டீச்சரம்மாதான் இதை எழுதுகிறார்கள்.

நடந்த இடம் பரளச்சிக்குத் தெற்கே, கரிசல் காட்டில். பருத்தி எடுத்து முடிந்து, வெறும் பருத்திமார்க் குச்சிதான் நின்றது. நிலம் வெடிக்க ஆரம்பித்துவிட்டது. அந்தப் பக்கம் அப்போது கரண்டு கிடையாது. பொழுது இறங்கினால் நம் கையே நமக்குத் தெரியாது. அந்த இருட்டுக்காகத்தான் அத்தனை தூரத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஒற்றையாகத் தெரிகிற ஒரு நட்சத்திரம், நிசமாகவே ஒன்றா, இல்லை பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி நிற்கிற ரெண்டா என்று பார்ப்பதுதான் அவர்கள் வேலை. அது எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

அதைச் சொல்வதற்கு முன்னால் என் வேலையைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் ஏன் அன்றைக்கு அழுதேன் என்று உங்களுக்கு விளங்காது.

நான் கிணற்றுக்கு வேட்டு வைக்கிறவன். கிணறு வெட்ட லோன் கொடுக்க ஆரம்பித்த காலம் அது. மேலே கரிசல், அதற்குக் கீழே சுக்கான் கல், அதற்கும் கீழே பாறை. பாறை வந்துவிட்டால் எனக்கு ஆள் வரும். திருச்சுழியிலிருந்து வீரசோழன் வரைக்கும் நான் இறங்காத கிணறு குறைச்சல். பாறையில் குழி போட்டு, தோட்டாவும் அதை வெடிக்க வைக்கிற கேப்பும் வைத்து, திரியைக் கொளுத்திவிட்டு மேலே ஏறி ஓடிவிட வேண்டும். அதோடு வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். இல்லை. அதற்குப் பிறகு சத்தத்தை எண்ண வேண்டும். ஒன்பது குழி என்றால் ஒன்பது சத்தம். எட்டுதான் கேட்டது என்றால் ஒன்று உள்ளே உயிரோடு கிடக்கிறது. மறுநாள் விடிகிறவரை ஒருத்தரும் இறங்கக் கூடாது. திரியை ஒவ்வொன்றையும் ஒவ்வொரு நீளத்தில் வெட்டுவதே, சத்தம் தனித்தனியாக வரவேண்டும் என்பதற்குத்தான்.

இந்தச் சம்பவத்துக்கு மூணு வருசம் முன்னால் ஒரு கிணற்றில் ஒன்பது குழி போட்டேன். எட்டுச் சத்தம் கேட்டது. ஆறாவது சத்தம் மட்டும் கொஞ்சம் தடிமனாக இருந்த மாதிரி பட்டது. ரெண்டு சேர்ந்து வெடித்திருக்கும் என்று மனசு சொன்னது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, வயிறு காய்ந்துகொண்டிருந்தது. கிணற்று மேட்டில் என் மச்சான் நின்றார், என் பெண்டாட்டிக்கு அண்ணன்.

"என்ன மாப்ள, எறங்கலாமா?"

"ஒம்போதும் வெடிச்சிருச்சு மச்சான். எறங்குங்க."

இறங்கினார். உடைந்த கல்லை அள்ளுகிற கையிலேயே கேப்பு வெடித்துவிட்டது. தோட்டாவும் சேர்ந்து வெடித்திருந்தால் ஆளே இல்லை. வலது கையில் மூணு விரல் போய்விட்டது. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் மிஞ்சியது.

மச்சான் என்னை அடிக்கவில்லை, பஞ்சாயத்தைக் கூட்டவில்லை. பேச்சை நிறுத்திவிட்டார். ஊரில் என் பெயரே மாறிப்போனது. நான் ஒரு மணி நேரத்தில் வருகிறேன் என்று சொன்னால், "இவன் சொன்னா ரெண்டு மணி நேரம்னு வச்சுக்க" என்று சிரிப்பார்கள். வேட்டு வேலையை விட்டுவிட்டேன். முள் வெட்டப் போனேன், மண் சுமந்தேன்.

டீச்சரம்மா, "நட்சத்திரத்துக்கு வாங்க" என்கிறார்கள். வந்துவிட்டேன்.

மலைமேல் இருக்கிற ஏதோ ஒரு வானாராய்ச்சி நிலையத்திலிருந்து ஒரு தமிழர் வந்தார். படித்தவர் என்பதால் நாங்கள் வாத்தியார் என்றே கூப்பிட்டோம். அவரோடு ஒரு ஜப்பான்காரர். கட்டையான ஆள், தலையில் துணித்தொப்பி, யாரைப் பார்த்தாலும் குனிந்து வணக்கம். கூடவே கல்லூரியில் பாடம் நடத்துகிறவர்கள் நாலு பேர். பெட்டி பெட்டியாகச் சாமான். எல்லாரும் பஞ்சு மூட்டை அடுக்குகிற ஒரு கிட்டங்கியில் தங்கினார்கள். காட்டுக்குள் கொண்டுபோன ஜீப்பு டயரில் ரெண்டு தடவை கருவேல முள் ஏறிவிட்டது. அதனால் மாட்டுவண்டி பேசினார்கள். கிடைத்தது என் மச்சான் வண்டி. எந்த நிலத்துக்கு எந்தப் பக்கம் வழி என்று தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். கிணறு கிணறாக இறங்கியவன் என்று என்னைக் காட்டிவிட்டார்கள்.

ஒரே வண்டியில் நானும் மச்சானும். அவர் என்னோடு பேச மாட்டார். மாட்டோடு பேசினார்.

"ஏ செவல, வழி காட்ட வந்த பெரிய மனுசன் எந்தப் பக்கம் போகச் சொல்றாருன்னு கேளு."

நானும் மாட்டுக்கே பதில் சொன்னேன். "ஏ மயில, பனைக்கு எடப்பக்கம்னு சொல்லு."

இப்படியே ஒரு மைல் போனோம். ஜப்பான்காரர் கவனித்துக்கொண்டே வந்தார். இந்த ஊரில் மாட்டிடம்தான் வழி கேட்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துவிட்டார். வண்டி ஒரு இடத்தில் நின்றபோது இறங்கி, செவலைக்கு முன்னால் குனிந்து வணக்கம் சொல்லி, அவர் பாஷையில் என்னமோ கேட்டார். வாத்தியார் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். மச்சானும் சிரித்தார். நான் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வேலை இதுதான். வடக்கே இருந்து தெற்கே, ரெண்டு பர்லாங்குக்கு ஒன்றாக ஆறு இடம். ஆறு இடத்திலும் ஒவ்வொரு தொலைநோக்கிக் குழாய். ஒரு ரேடியோ, ஒரு டேப்பு ரிக்கார்டு. ரேடியோவில் வெளிநாட்டு நிலையம் ஒன்று நொடிக்கொரு தரம் 'டிக்' என்று சத்தம் கொடுக்கும். நிலா அன்றைக்கு அந்த நட்சத்திரத்தை உரசிக்கொண்டு போகும். நிலாவின் ஓரத்தில் மலைகள் இருப்பதால், நட்சத்திரம் மறைந்து மறைந்து வெளியே வரும். பார்க்கிறவர் "போச்சு", "வந்துருச்சு" என்று கத்த வேண்டும். அந்தக் குரலும் 'டிக்'கும் சேர்ந்து டேப்பில் பதிந்துவிடும். இந்த டேப்புகள் ஜப்பானுக்குப் போகும். வேறொரு தேசத்தில் கணக்குப் போடுவார்கள். இன்னும் ரெண்டு தேசத்துக்காரர்கள் அடுத்தடுத்த மாதங்களில் நிலா அதே நட்சத்திரத்தை மறைக்கும்போது அவரவர் ஊரில் பார்ப்பார்கள். யார் பார்த்ததையும் யாரும் ஒளிக்கக் கூடாது என்று அவர்களுக்குள் பேச்சு.

அன்றைக்குச் சாயங்காலம் ஒரு கோளாறு. நாலு கல்லூரிக்காரர்களில் ஒருத்தர், பதநீரை முதல் தடவையாகக் குடித்தவர், சொம்பு சொம்பாக அடித்துவிட்டார். மூணு மணியிலிருந்து ஓடைப் பக்கமே குடியிருந்தார். வடக்கிலிருந்து ரெண்டாவது இடத்துக்கு ஆள் இல்லை. வாத்தியார் என்னைப் பார்த்தார்.

"உங்க கண்ணு எப்படி?"

நான் பதில் சொல்வதற்குள் மச்சான் மாட்டிடம் சொன்னார்: "கண்ணுல ஒரு கொறையும் இல்ல செவல. எண்ணிக்கைதான் தகராறு."

வாத்தியாருக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் இருட்ட இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது. அத்தனை தூரம் வந்தவர்கள். சரி என்றேன்.

டேப்பு ரிக்கார்டுக்கு மச்சான். ரெண்டு பித்தானைச் சேர்த்து அமுக்கினால்தான் பதியும் என்று வாத்தியார் காட்டினார். மச்சான் மிஞ்சின ரெண்டு விரலையும் நீட்டிப் பார்த்தார்.

"ரெண்டு வெரல் வேலைதான? நமக்குன்னே செஞ்சிருக்கான்யா."

வாத்தியார் கிளம்புமுன் நான் கேட்டேன்: "அய்யா, இதுல என்னத்தக் கண்டுபிடிக்கப் போறீக?"

"அதை இப்பச் சொல்ல மாட்டேன். சொன்னா நீங்க அதையே பாத்துருவீங்க. கண்ணுல படுறதை மட்டும் சொல்லுங்க."

இருட்டியது. மேற்கே உச்சிக்குச் சற்றுச் சாய்வாகப் பாதி நிலா. கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்துக்குப் பக்கத்தில் நின்றது. குழாயில் கண்ணை வைத்தேன். அப்பப்பா! நம் ஊர் சுக்கான் மேடு மாதிரி நிலா முழுக்கக் குழியும் மேடும். வெளிச்சம் படாத பாதிகூடச் சாம்பல் பூத்த கங்கு மாதிரி லேசாகத் தெரிந்தது. அந்த இருட்டு ஓரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வெள்ளி, அதுதான் அவர்கள் சொன்ன நட்சத்திரம். ரேடியோ 'டிக்', 'டிக்' என்றது. மச்சான் பித்தானை அமுக்கிவிட்டு மூச்சைக்கூட அடக்கி உட்கார்ந்திருந்தார்.

வெள்ளி ஓரத்தைத் தொட்டது. அணையவில்லை. ஒரு படி மங்கியது. விளக்குத் திரியைக் கொஞ்சம் உள்ளே இழுத்தால் எப்படி இருக்கும், அப்படி. ஒரு 'டிக்'குக்கும் அடுத்த 'டிக்'குக்கும் நடுவிலே அந்தக் குறைந்த வெளிச்சம் நின்றது. அப்புறம்தான் அணைந்தது.

எனக்குக் கொடுத்தது ரெண்டு வார்த்தை. ஆனால் வாயில் வந்தது, "மங்கிருச்சு... போச்சு!"

பிறகு வந்தது, மறுபடி போனது, மறுபடி வந்தது. ரெண்டாவது தடவை போகும்போது கண்ணில் தண்ணீர் கோத்துவிட்டது. அப்போதும் மங்கித்தான் போனதா, ஒரேயடியாகப் போனதா என்று தெரியவில்லை. "போச்சு" என்று மட்டும் சொன்னேன். அஞ்சு நிமிசத்தில் எல்லாம் முடிந்தது.

குழாயை விட்டு நிமிர்ந்தேன். உங்களுக்குப் புரிகிறதா? ஒன்று போய் அணையாமல் மங்கினால், அங்கே ரெண்டு இருந்தது என்று அர்த்தம். வேட்டு வைத்தவனுக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டாம். முன்னே ஒரு சத்தத்தை ரெண்டு என்று சொல்லி ஒரு கையைக் கெடுத்தவன், இப்போது ஒரு வெள்ளியை ரெண்டு என்று சொல்லிவிட்டேன். அதுவும் அந்தக் கையை வைத்தே பதிந்துவிட்டது.

கிட்டங்கியில் அரிக்கேன் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொரு டேப்பாகப் போட்டுக் கேட்டார்கள். வடக்கோரத்து இடத்தில் நட்சத்திரம் மறையவே இல்லை. மற்ற நாலு பேருக்கும் போச்சு, வந்துருச்சு, அவ்வளவுதான். கடைசியாக என் டேப்பு. என் குரலை நான் வெளியே இருந்து கேட்டது அதுதான் முதல் தடவை. என்னைப் பெத்த அய்யா பேசுவது மாதிரி இருந்தது.

"மங்கிருச்சு... போச்சு!"

வாத்தியார் சட்டென்று நிமிர்ந்து ஜப்பான்காரரைப் பார்த்தார். மூலையில் சாக்கில் படுத்திருந்த பதநீர்க்காரர் முனகினார்: "கண்ணு கொட்டியிருப்பார் சார். பழக்கம் இல்லாதவரு."

மாடு வெளியே நின்றதால் மச்சான் விளக்கைப் பார்த்துச் சொன்னார்: "இவுக ஒண்ண ரெண்டாக் கேக்குற ஆளு. கேட்டதயும் நம்பாதீக, பாத்ததயும் நம்பாதீக." வலது கையை விளக்குக்கு முன்னால் வைத்தார். சுவரில் ரெண்டு விரல் நிழல் விழுந்தது.

வாத்தியார் என்னவென்று கேட்டார். நான் ஒன்று விடாமல் சொன்னேன். ஒன்பது குழி, எட்டுச் சத்தம், தடிமனாகக் கேட்ட அந்த ஆறாவது, எல்லாம். மச்சானுக்கு எதிரே அதை அப்படி நான் சொன்னது கிடையாது. சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. "அய்யா, அந்த வார்த்தைய மட்டும் அழிச்சிருங்க. எனக்குத் தப்பாத் தெரிஞ்சிருக்கும்" என்று கும்பிட்டேன்.

வாத்தியார் அதை இங்கிலீஷில் சொன்னார். ஜப்பான்காரர் டேப்புச் சக்கரத்தைக் கழற்றி, டப்பியில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டார். மெதுவாகப் பேசினார். வாத்தியார் எனக்குச் சொன்னார்:

"அழிக்க முடியாதாம். இது எங்க ரெண்டு பேருக்கு மட்டும் சொந்தம் இல்ல. நாலு தேசத்துல இதைக் கேக்கக் காத்துக்கிட்டு இருக்காங்க. நாங்க அழிச்சுக் குடுத்தா அவங்களுக்குப் பொய் சொன்ன மாதிரி ஆயிரும். சந்தேகம் இருந்தா இருக்கட்டும், சந்தேகத்தையும் சேத்து எழுதி அனுப்புவோம். எவ்வளவு நிச்சயம், எவ்வளவு சந்தேகம்னு மட்டும் நீங்க சொல்லணும்."

அதை எப்படிச் சொல்வது? எனக்கு எழுத்தும் தெரியாது, கணக்கும் தெரியாது. கையை நீட்டினேன். முதல் தடவை நன்றாகப் பார்த்தேன். ரெண்டாவது தடவை தெரியவில்லை. யோசித்து யோசித்து ரெண்டு விரலை மடக்கினேன்.

"மூணு வெரல் நிச்சயம்யா. ரெண்டு வெரல் சந்தேகம்."

யாரும் சிரிக்கவில்லை. ஜப்பான்காரர் தன் கையைக் காகிதத்தில் வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து, மூணு விரலை மட்டும் கறுப்பாக்கினார். அந்தக் காகிதம்தான் மற்ற தேசங்களுக்கும் போகும் என்றார் வாத்தியார். மச்சான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வலது கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு, மாடு அவிழ்க்கப் போய்விட்டார்.

மறுநாள் அவர்கள் போனார்கள். ஜப்பான்காரர் எல்லாருக்கும் குனிந்து வணக்கம் சொன்னார், செவலைக்கும் சொன்னார்.

பங்குனி போனது, சித்திரை போனது. மழையும் இல்லை, கடுதாசியும் இல்லை. ஆடியில் நிலாவில் ஆள் இறங்கினான். டீக்கடையில் பாதிப் பேர் நம்பினார்கள், பாதிப் பேர் நம்பவில்லை. "அங்க மலை இருக்குன்னு நான் பாத்தேன்" என்று நான் சொன்னதற்கு, "நீ பாத்தா ரெண்டு நிலாவுல்ல இருந்திருக்கும்" என்றான் டீ ஆற்றுகிறவன்.

ஆவணியில் ஒரு நாள் தபால்காரர் டீக்கடைக்கே வந்து என் பெயரைக் கூப்பிட்டார். என் வாழ்நாளில் எனக்கென்று வந்த முதல் தபால் அது. மச்சான் வண்டியை நிறுத்திவிட்டு வெளியே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். எழுதியது வாத்தியார். தபால்காரர் சத்தமாகவே வாசித்தார். வாசகம் எனக்கு மனப்பாடம் இல்லை, விசயம் மறக்காது.

ஆப்பிரிக்காவின் தெற்குக் கோடியில் ஒருத்தர், கண்ணால் பார்க்காமல் கருவியால் பார்க்கிறவர். வெளிச்சம் எவ்வளவு என்று கருவி காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டே போகும். மூணு விரல் படம் அவருக்கும் போயிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, நிலா அந்த நட்சத்திரத்தை மறைக்கிற நாளில் காகிதத்தை வழக்கத்தைவிட வேகமாக ஓடவிட்டிருக்கிறார். கோடு ஒரேயடியாக விழவில்லை. ஒரு படி இறங்கி, நின்று, அப்புறம் மறு படி இறங்கியது. ரெண்டு நட்சத்திரம்தான். 'உங்கள் சந்தேகம் வந்து சேராமல் இருந்தால் வழக்கமான வேகத்தில் ஓடவிட்டிருப்பார்கள், ரெண்டு படியும் ஒன்றாகத் தெரிந்திருக்கும்' என்று வாத்தியார் எழுதியிருந்தார். மற்றவர்களுக்கு ஏன் தெரியவில்லை என்பதற்கும் காரணம் சொல்லியிருந்தார். நட்சத்திரம் மறைந்த அஞ்சு இடத்தில் நான் நின்றதுதான் ஓரத்திலும் ஓரம். அங்கே நட்சத்திரம் நிலாவின் மலைச் சரிவில் வழுக்கிக்கொண்டு மெதுவாகப் போயிருக்கிறது. மற்ற இடங்களில் சட்டென்று போய்விட்டதாம்.

கவருக்குள் அந்தக் கோட்டின் நகலும் இருந்தது. கை மாறி மாறிப் போய் மச்சானிடம் வந்தது. அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கெணத்துப் படி மாதிரில்ல இருக்கு" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. மாடு தூரத்தில் நின்றது.

பிறகு டீக் கிளாசை வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றார். மூணரை வருசம் கழித்து என் கண்ணைப் பார்த்தார். வலது கையை உயர்த்தி, மிஞ்சியிருந்த ரெண்டு விரலையும் நீட்டினார்.

"மாப்ள, ஒன் மூணோட இந்த ரெண்டையும் சேத்துக்க."

நானும் மூணு விரலை நீட்டினேன். டீ ஆற்றுகிறவன் சொன்னான்: "அஞ்சும் சேந்துருச்சு. ரெண்டு டீ போடட்டா?"

அதற்குப் பிறகு மறுபடி வேட்டு வேலைக்குப் போனேன். நான் எண்ண, மச்சான் பக்கத்தில் நின்று தனியாக எண்ணுவார். ரெண்டு பேர் எண்ணிக்கையும் ஒத்துவந்தால்தான் ஆள் இறங்கும். ஒரு விரல் சந்தேகம் என்றாலும் மறுநாள்தான். கிணற்றுக்காரர்கள் திட்டுவார்கள், திட்டிவிட்டுப் போகட்டும். அதற்குப் பிறகு எங்கள் வேலையில் ஒருத்தருக்கும் ஒரு கீறல் விழவில்லை.

மச்சான் இப்போது இல்லை. அந்த வெள்ளி இருக்கிறது. மாசியில் வாசலுக்கு வந்து பார்ப்பேன். கண் மங்கிவிட்டது, இப்போதும் ஒன்றாகத்தான் தெரிகிறது. அந்த ஒன்பது குழி நாளில், 'மச்சான், எனக்கு மூணு வெரல்தான் நிச்சயம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் கையில் அஞ்சு விரலும் இருந்திருக்கும். இதைப் படிக்கிறவர்கள், அடுத்தவர் உயிரை உங்கள் வாய்வார்த்தையில் இறக்கிவிடுகிற வேலை பார்க்கிற யாரையாவது தெரிந்தால், அவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். சொல்லும்போது கையை நீட்டி, ரெண்டு விரலை மடக்கிக் காட்டுங்கள்.